புளி போட்டுத் தேய்த்த ரஷ்யச் சிகரெட் பெட்டி

எழுபதுகளின் நடுவில், கல்யாணமான கையோடு ஷார்ஜா போய் இறங்கியபோது எனக்கு இந்தியே அரைகுறை. பக்கத்து ஃபிளாட்டில் ஓர் ஈரானிய அம்மா மகனோடு இருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். ஒருநாள் அந்த மகன் வந்து, கைக்குள் அடங்கும் வெள்ளிச் சிகரெட் பெட்டி ஒன்றை நீட்டி, தங்கையைக் கூப்பிடுவதுபோல் இந்தியில் சொன்னார்.

“பெஹன், அம்மாவுக்கு ஒருநாளைக்கு ஒரு சிகரெட்தான்னு டாக்டர் சொல்லிட்டார். என்கிட்ட இருந்தா அழுதே வாங்கிடுவாங்க. நீங்க வெச்சுக்கங்க.”

அது ரஷ்யப் பெட்டி. அந்த அம்மாவின் அப்பா, அப்போது ரஷ்ய ஆட்சியில் இருந்த பாக்கூ நகரில் கம்பளம் விற்ற காலத்தில் வாங்கியதாம். முறுக்கிய வெள்ளிக் கம்பியில் பூக்கொடி. கம்பிகளுக்கு நடுவே நீலமும் வெள்ளையுமாக எனாமல். ஓரத்தில் தீக்குச்சி வைக்கத் தனியாகச் சின்ன அறை.

தினமும் நாலு மணிக்கு அந்த அம்மா கதவைத் தட்டுவார். ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். சோபாவில் உட்கார்ந்து, கண்ணை மூடி ரசித்துப் புகைத்துவிட்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போவார். பேசிக்கொள்ள எங்களுக்குப் பொது மொழி கிடையாது.

கறுத்திருக்கிறதே என்று ஒரு காலையில் பெட்டியைப் புளி போட்டுத் தேய்த்தேன். ஒரு நீல இதழ் பெயர்ந்து தண்ணீரோடு போய்விட்டது. மத்தியானம் சாப்பிட வந்த கணவர், “குத்துவிளக்காடி அது, புளி போட்டுத் தேய்க்க?” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாலு மணிக்குப் பெட்டியை நீட்டினேன். காலியான இடத்தை அந்த அம்மா விரலால் தடவினார். “மாஃபி முஷ்கில்,” பரவாயில்லை, என்றார். பிறகு அடுத்த பூவில் இரண்டு இதழ்களைக் காட்டி, தன் நகத்தையும் காட்டினார். இரண்டும் நெயில் பாலிஷ்! சேர்ந்து சிரித்தோம்.

சிரித்தபடியே சிகரெட்டைப் பற்றவைத்தார். புகை மூக்கில் ஏறியதும் எனக்குக் குமட்டியது. சமையலறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். பின்னாலேயே வந்து முதுகை நீவிவிட்டார். என் முகத்தைத் திருப்பி உற்றுப் பார்த்தார்.

“பேபி?”

நாள் தள்ளிப் போயிருந்ததைக் கணவரிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை. தலையாட்டினேன். சிகரெட்டைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து அணைத்தார்.

“கலாஸ்,” என்றார். அவ்வளவுதான், முடிந்தது.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார். பெட்டியை எடுக்கப் போன என்னைப் பிடித்து உட்காரவைத்து, உரித்த மாதுளை முத்துகளைக் கிண்ணத்தோடு மடியில் வைத்தார். மகள் பிறக்கும்வரை மாதுளையோ, பேரீச்சையோ, ஏதாவது ஒன்று.

பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மகன் கேட்டார்: “அம்மா இப்ப சிகரெட்டே கேக்கறதில்ல. என்ன பண்ணினீங்க, பெஹன்?”

நான் என்ன பண்ணினேன்? அந்த அம்மா எங்களைக் கவனிக்கவே இல்லை. என் மகளின் பாதத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, பாரசீகத்தில் அவளிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.