தம்பி இருந்த ஊரின் செய்தித்தாள்

தம்பி இருந்த ஊரில் சண்டை தொடங்கிவிட்டது என்று எங்களுக்கு முதலில் வந்து சொன்னது கீழ்வீட்டு அக்காதான். செம்பூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் எனக்கு பில் போடும் வேலை. அது முடிந்து அப்போதுதான் தாராவி லேபர் கேம்ப்பில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். தம்பி கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு துறைமுக ஊரில், கப்பல் ரிப்பேர் செய்யும் யார்டில் வெல்டர். உடனே போன் போட்டேன். மணி அடிக்கவே இல்லை.

அம்மா டிவியைப் போட்டாள். ஒரு சேனலில் துறைமுகமே தரைமட்டம் என்றார்கள். இன்னொன்றில் ஆறு பேர் திரையில் ஆளுக்கொரு கட்டத்தில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பேச விடாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். தம்பி மனைவி இங்கேயே தாராவியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்க வராது; புருஷனின் அக்கா என்பதால் என்னை மைனி என்பாள். அவளுக்காக இந்திச் சேனல், அம்மாவுக்காகத் தமிழ்ச் சேனல் என்று மாற்றி மாற்றி வைத்தோம். எந்த மொழியில் பார்த்தாலும் பயம் ஒன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் சபை வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. கிரேன்கள் எரிகின்றன, ஜனங்கள் ஓடுகிறார்கள். இதுதான் அந்த யார்டு, ஜெபியுங்கள் என்று கீழே எழுதியிருந்தது. அனுப்பியவர் நல்ல மனுஷர். எங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் அனுப்பினார். ஆனால் அதைப் பார்த்த பிறகு அம்மா சாப்பாட்டைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தம்பி மனைவி மட்டும் அந்த வீடியோவை விடவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேண்டாம், பார்க்காதே என்று போனை வாங்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மைனி, இதுல ஓடுத எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருக்காங்க. அங்க வேர்த்து ஊத்துதுன்னு போன வாரந்தான் அவங்க சொன்னாங்க."

அதுவரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த வீடியோவிலிருந்து ஒரு படத்தை எடுத்து இணையத்தில் தேடிப் பார்த்தேன். அது பல வருஷங்களுக்கு முன்னால் வேறொரு நாட்டில், வேறொரு துறைமுகத்தில் நடந்த தீ விபத்து. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். எழுந்து உட்கார்ந்து கொஞ்சம் கஞ்சி குடித்தாள்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் டிவியை அணைத்துவிட்டு ஒழுங்காகத் தேட உட்கார்ந்தோம். அந்த ஊரின் பெயரை ஆங்கிலத்தில் போட்டதும் பெரிய பெரிய நாடுகளின் செய்தித் தளங்கள் வரிசையாக வந்தன. நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். எந்த மந்திரி என்ன சொன்னார், பெட்ரோல் விலை ஏறுமா, படை எந்தப் பக்கமாக வருகிறது என்று வரைபடம் போட்டு அம்புக்குறியெல்லாம் வைத்திருந்தார்கள். எங்களுக்கு வேண்டியது அது இல்லை. யார்டுக்குப் பின்னால் இருக்கிற தொழிலாளர் விடுதி நிற்கிறதா, இல்லையா? அதை யாரும் எழுதவில்லை.

அப்படி ஒரு கட்டுரையின் கடைசியில், உள்ளூர் நாளிதழ் இவ்வாறு தெரிவித்தது என்று ஒரு வரி இருந்தது. அதைத் தொட்டதும் வேறொரு பக்கம் திறந்தது. அலங்காரம் ஒன்றும் இல்லாத, எளிமையான பக்கம். அந்த ஊர்க்காரர்கள் அந்த ஊர்க்காரர்களுக்காகவே நடத்துகிற செய்தித்தாள். சில செய்திகள் ஆங்கிலத்தில் இருந்தன. மற்றதெல்லாம் அவர்கள் பாஷை. எந்தத் தெருவில் கரண்ட் இல்லை, எந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டும், எந்த பேக்கரி மத்தியானம் வரை திறந்திருக்கும், எல்லாம் இருந்தது. அவர்கள் பாஷையில் இருந்ததை போனிலேயே மொழிபெயர்க்க வைத்தேன். அது தண்ணீர் லாரியைத் தண்ணீர் யானை என்றது. சண்டை தொடங்கிய பிறகு தம்பி மனைவி சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் காலை ரயிலில் அதே பக்கத்தைத் திறந்தேன். ஒரு செய்தியின் மேலே சின்னதாக ஒரு குறிப்பு. இறந்தவர்கள் எண்ணிக்கையை நேற்று தவறாக எழுதிவிட்டோம், ஆஸ்பத்திரியில் நேரில் கேட்டுத் திருத்தியிருக்கிறோம், வருந்துகிறோம் என்று இருந்தது. சுனாபட்டி தாண்டி, குர்லாவில் கூட்டம் ஏறி நெருக்கியபோதும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவியிடம், இவர்களை நம்பலாம் என்றேன்.

"தப்பா எழுதினவங்களையா மைனி?"

"தப்புன்னு அவங்களே சொன்னாங்கல்லா."

அப்படியானால் தம்பியைப் பற்றி அவர்களிடமே கேட்டுவிடுவோம் என்றாள். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. குண்டு விழுகிற ஊரில் செய்தி சேகரிக்கிற ஆளுக்கு நம் வீட்டு விஷயமா என்றேன். அவள் விடவில்லை. செய்திகளின் அடியில் எழுதியவரின் பெயரும் மின்னஞ்சலும் இருந்தன. ஆணா பெண்ணா என்று பெயரை வைத்து எங்களுக்குத் தெரியவில்லை. தம்பியின் பெயர், யார்டின் பெயர், விடுதி எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். முடிந்தால் மட்டும் போதும், ஆபத்தில் போக வேண்டாம் என்று கடைசியில் சேர்க்கச் சொன்னது அவள்தான்.

பதில் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அடுத்த நாள் மத்தியானம் ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்தபோது வந்தது. யார்டுக்குப் பக்கத்தில் வேறு வேலையாகப் போனபோது விடுதியைப் பார்த்தாராம். கட்டிடம் நிற்கிறது, ஜன்னல் கண்ணாடிகள்தான் உடைந்திருக்கின்றன. டவர் விழுந்ததால் அந்தப் பகுதியில் யாருக்கும் போன் இல்லை. தம்பியின் பெயரைச் சொல்லிக் கேட்டதில், காலையில் தண்ணீர் பிடிக்க வந்தான் என்று ஒரு தொழிலாளி சொன்னானாம். கடைசி வரி இது: "ஆனால் நான் அவரை நேரில் பார்க்கவில்லை. அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்."

எனக்கு முன்னால் பில்லுக்காக நின்றிருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, மெதுவாகப் போடு மகளே என்று இந்தியில் சொன்னாள். பின்னால் இருந்த ரூமுக்குப் போய் அழுதேன். அப்புறம் வீட்டுக்குப் போன் செய்து, ஒரு வார்த்தை விடாமல் தமிழில் படித்துக் காட்டினேன். அந்தக் கடைசி வரியைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, சொல்லியும் விட்டேன்.

தம்பி மனைவி சொன்னாள், "பாக்கலைன்னு எழுதியிருக்காங்கல்லா, அதான் மைனி மத்ததெல்லாம் நம்பத் தோணுது."

அதன் பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் காத்திருப்பு வேறு மாதிரி இருந்தது. அம்மா சமைத்தாள். டிவியை யாரும் போடவில்லை. கம்பெனிக்காரர்கள் பஸ்ஸில் பக்கத்து ஊருக்கு அழைத்துப் போன பிறகு தம்பி யாரோ ஒருவருடைய போனிலிருந்து கூப்பிட்டான். கண்ணாடி பட்டு முழங்கையில் தையல் போட்டிருந்தார்கள், வேறொன்றும் இல்லை. முதலில் அவன் கேட்டது, நீங்கள் எல்லாம் ரொம்பப் பயந்துவிட்டீர்களா என்று. அம்மா, இல்லலே, எங்களுக்குத் தெரியும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அம்மா எழுந்து சாட்சி சொன்னாள். மகனுக்காக நன்றி சொல்லிவிட்டு, அந்தப் பத்திரிகைக்காரப் பிள்ளைக்காக எல்லாரும் ஜெபிக்க வேண்டும் என்றாள். அந்த வீடியோவை அனுப்பியவரும் எழுந்து நின்று ஜெபித்தார்.

தம்பி திரும்பி வந்து இப்போது வடாலாவில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறான். நன்றி சொல்லி அந்த நிருபருக்கு எழுதினேன். பதில் இல்லை. கொஞ்ச நாள் அவர் பெயர் எந்தச் செய்தியிலும் வராமல் இருந்ததும் எங்களுக்குக் கவலையாகிவிட்டது. தம்பி மனைவி தினமும் சாயங்காலம் கேட்பாள். ஒரு நாள் காலை ரயிலில் அந்தப் பெயரைப் பார்த்தேன். பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன, பெஞ்சுகள் போதவில்லை, பிள்ளைகள் பாய் கொண்டுவருகிறார்கள் என்று எழுதியிருந்தார். நின்றபடியே அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். எந்த வகுப்பிலிருந்து திறந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். செய்தியை முதலிலிருந்து அவளுக்குப் படிக்க ஆரம்பித்தேன்.