பாப்பா துப்பிய பூசணிக் கூழ்

தொழிற்சாலைக் கேண்டீனில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மாஸ்டரம்மா என்றால் போதும். எல்லா ஷிப்டு ஆட்களும் அவள் சமையலுக்கு அடிமை. அவள் லீவு போட்ட நாளில் தட்டுகள் பாதிச் சோறோடு கழுவுமிடத்துக்கு வரும். மறுநாள் மானேஜரே வாசலில் நின்று உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார். பிரசவத்துக்காக அவள் வீட்டில் இருந்த மாதங்களில் கேண்டீனில் நடந்த சண்டைகளை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். இத்தனை பேர் வயிற்றைக் கைக்குள் வைத்திருந்தவளை, பல் முளைக்காத ஒரு கைக்குழந்தை தினமும் சாயங்காலம் தோற்கடித்துக்கொண்டிருந்தது. வேறு யார், அவள் பெற்ற மகள்தான்.

பாப்பாவுக்கு அவள் கூழ் செய்வதைப் பார்க்க வேண்டும். பூசணியைத் தோல் சீவி, ஆவியில் வேகவைத்து, கரண்டியின் முதுகால் சல்லடையில் தேய்ப்பாள். ஒரு நார் மிஞ்சாது. வெந்த தண்ணீரிலேயே கொஞ்சம் விட்டுத் தளர்த்தி, கிண்ணத்தைச் சாய்த்தால் வழியவும் வேண்டும், ஒட்டவும் வேண்டும் என்கிற பதத்தில் நிறுத்துவாள். ஒரு வயது வரை உப்பும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். உப்பில்லாமல் ஒன்றை அடுப்பிலிருந்து இறக்குவது மாஸ்டரம்மாவுக்கு மானப் பிரச்சினை. இருந்தாலும் மகளுக்காகப் பொறுத்துக்கொண்டாள். வெறும் ஈறுக்கு ஸ்பூன் எதற்கு என்று, விரல் நுனியில் தொட்டுத்தான் ஊட்டுவாள்.

பாப்பா முதல் வாய் வாங்கும். முகம் கோணும். துப்பும். பிறகு வீடு அதிர அழும். கொஞ்ச நாளில் அம்மா கிண்ணத்தோடு உட்கார்ந்தாலே முகத்தைத் திருப்ப ஆரம்பித்துவிட்டது. விடுமுறை நாளிலும் அதே கதைதான்.

இதுகூடப் பரவாயில்லை. குழந்தைகள் படுத்தும் பாடு உலகத்துக்கே தெரியும். ஆனால் அதே பாப்பா, பகலில் நாத்தனார் கையால் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டதே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நாத்தனார், அதாவது கணவனின் தங்கை, படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டபடி வீட்டில் இருந்தாள். மாஸ்டரம்மா கேண்டீனுக்குப் போனதும் பாப்பா அவள் பொறுப்பு. பால் காய்ச்சச் சொன்னால் அடுப்பைப் பாலால் குளிப்பாட்டுகிற பெண் அவள். கேரட்டை வேகவைத்து, கட்டியும் முட்டியுமாக விரலால் பிசைந்து, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பாப்பா வாயில் வைப்பாள். பாப்பா சப்புக்கொட்டும். இன்னும் கேட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கும்.

"இன்னிக்கு ரெண்டு கிண்ணம் அண்ணி. போதும்னாலும் விடல" என்பாள், பெரிய சாதனை செய்தவள்போல.

"ம்" என்பாள் மாஸ்டரம்மா. அந்த ஒரு எழுத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வயிற்றில் அமிலம் ஊற்றினாற்போல இருக்கும்.

திருட்டுத்தனமாகச் சர்க்கரை போடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஒருநாள் மிச்சக் கேரட்டை எடுத்து நக்கிப் பார்த்தாள். இனிப்பும் இல்லை, உப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இப்படி ஒன்றைக் கேண்டீனில் வைத்தால் தட்டு பறந்து வரும். மறுநாள் விடியற்காலையில் தானே பூசணிக் கூழ் செய்து டப்பாவில் அடைத்து, "இன்னிக்கு இதையே குடு" என்று நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பாப்பா துப்ப வேண்டும் என்று, பெற்ற தாய், நாள் முழுக்க வேண்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்து டப்பாவைத் திறந்தால், வழித்துத் துடைத்துக் காலியாக இருந்தது.

ஆக, கூழில் குறையில்லை. கையில்தான் குறை. தன் கை பிடிக்கவில்லை, அவள் கை பிடித்திருக்கிறது. மாஸ்டரம்மாவுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை. இப்படியே போனால் பேச்சு வரும்போது இந்தக் குழந்தை யாரை அம்மா என்று கூப்பிடும் என்ற பயம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. நாத்தனார் பாப்பாவைக் கொஞ்சினால் எரிச்சல். கொஞ்சாமல் போனால், என்ன திமிர் என்று அதற்கும் எரிச்சல்.

ஒருநாள் சாயங்காலம் கணவன் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தாள். அவன் பஸ் மெக்கானிக். எந்த எஞ்சின் எப்போது சூடாகும் என்று சொல்லிவிடுவான், மனைவி விஷயத்தில் மட்டும் கணக்குத் தவறும்.

"திங்கக்கிழமைலேர்ந்து பாப்பாவைக் காப்பகத்துல விட்டுடலாம்."

"ஏன்? அதான் வீட்ல ஆள் இருக்கே."

"ஆள் இருக்கறதாலதான்."

பாப்பாவை இடுப்பில் வைத்திருந்த நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டாள். பாப்பாவை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, காப்பகத்துக்குத் துணிமணி வைக்கப் பை வேண்டுமே என்று நாற்காலி போட்டு ஏறி, அலமாரிக்கு மேலே கிடந்த பையை இழுத்தாள். பையோடு தூசியும் வந்து கண்ணில் விழுந்தது.

"கசக்காத, இரு, நான் பாக்கறேன்" என்று மாஸ்டரம்மா ஓடினாள். கோபம் கோபமாக இருந்தாலும் கண் கண்தானே. நாத்தனாரின் இமையைத் தூக்கி, விரல் நுனியால் தூசியை ஒற்றி எடுத்தாள்.

நாத்தனார் அலறிய அலறலில் பாப்பாவும் சேர்ந்து அழுதது.

"எரியுது அண்ணி, தாங்க முடியல. கையில என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லையே. வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினேனே."

நாத்தனார் குழாயடிக்கு ஓடி முகத்தைத் தண்ணீரில் முக்கினாள். கணவன் பாப்பாவை ஒரு கையில் பிடித்தபடி, மனைவியின் விரலை இழுத்துத் தன் உதட்டில் தேய்த்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஸ்ஸ் என்று காற்றை இழுத்தான்.

"அடிப் பாவி. மிளகாய்" என்றான்.

கேண்டீனில் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்த மிளகாய் விழுதுதான். கூடை மிளகாயைத் தினமும் தானே கீறி, விதையை விரலால் வழித்து எடுப்பாள். கையுறை போட்டால் பதம் தெரியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவாள். ஆரம்பத்தில் கை எரிந்தது. எத்தனையோ வருஷத்தில் மரத்துப்போய்விட்டது. வெறும் சோப்புக்குப் போகாத அந்தக் காரம் லீவு நாளிலும் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. தனக்கு எரியாதது யாருக்குமே எரியாது என்று இருந்துவிட்டாள். அந்த விரலைத்தான் சாயங்காலம் சாயங்காலமாகப் பாப்பாவின் வாயில் வைத்திருக்கிறாள்.

சமையலறையில் போய் நின்று அழுதாள். குழந்தைக்கு நெருப்பு ஊட்டிவிட்டோமே என்று அழுதாள். அந்த அழுகைக்குள்ளேயே, அப்பாடா, என் மகளுக்கு என்னைப் பிடிக்காமல் இல்லை என்று ஒரு சந்தோஷமும் வந்தது. இரண்டையும் முகத்தில் வைத்துக்கொண்டு வெளியே வர வெட்கமாக இருந்ததால், வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள்.

காப்பகப் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. கேண்டீனில் கையுறை போட ஆரம்பித்தாள். "டாக்டரம்மா வந்துட்டாங்க" என்று பரிமாறுகிறவர்கள் கேலி செய்தார்கள். விழுது முன்னே மாதிரி இல்லை என்று மானேஜர் முணுமுணுத்தார். பழைய ஆளாக இருந்தால் கரண்டியால் பதில் சொல்லியிருப்பாள், இப்போது காதில் வாங்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கையில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, கணவன் உதட்டில் வைத்துச் சரி பார்ப்பாள். நல்ல உத்தியோகம் கிடைத்தது என்று அவன் அலுத்துக்கொள்வான்.

பாப்பா அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கவில்லை. விரலைக் கண்டதும் உதட்டை இறுக்கிக்கொண்டது. நாத்தனார்தான் வழி சொன்னாள். "நான் மடியில வெச்சுக்கறேன் அண்ணி. நீங்க ஊட்டுங்க. என்னை நம்பி வாயைத் திறக்கும்." மகள் வாயைத் திறக்க இன்னொருத்தியின் மடி வேண்டியிருக்கிறதே என்று மாஸ்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. வேறு வழியில்லாமல் சரி என்றாள். பாப்பா அத்தையின் மடியில் இருந்தபடி ஒரு வாய் வாங்கியது, பயந்து பயந்து இன்னொரு வாய் வாங்கியது. நாளாக நாளாகப் பயம் விட்டது.

அன்று விடுமுறை. ஆப்பிளை வேகவைத்து மசித்து, பாப்பாவைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு மாஸ்டரம்மா உட்கார்ந்தாள். பாப்பா வாங்கியது. சப்புக்கொட்டியது. கை வர நேரமானதும், பிஞ்சு விரல்களால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. மாஸ்டரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல நிமிர்ந்தாள்.

நாத்தனார் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "இன்னிக்கு நல்லா சாப்பிடுது போல" என்றாள்.

"ரெண்டாவது கிண்ணம்" என்றாள் மாஸ்டரம்மா.

"ம்" என்றாள் நாத்தனார்.

அந்த ம் எங்கிருந்து வருகிறது, வரும்போது வயிறு என்ன பாடு படும் என்று மாஸ்டரம்மாவைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் இல்லை. வா, நீயும் ஒரு வாய் குடு என்று கூப்பிட வேண்டும். கூப்பிடத்தான் நினைத்தாள். பாப்பாவைக் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பி உட்காரவைத்துக்கொண்டு அடுத்த வாயை எடுத்தாள். கிண்ணம் காலியானதும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.