முறை தவறிய படம்

பத்திரிகையில் படம் வந்துவிட்டால் ஆள் கரையேறிவிட்டான் என்றுதான் எங்கள் வீட்டில் நம்பினார்கள். எழுத்தில் பொய் இருக்கலாம், படத்தில் இருக்காது என்பது எங்கள் அப்பாவின், நைனாவின், துணிபு. என் தம்பியின் ராக் இசைக்குழுவைப் பற்றிச் சென்னை இசைப் பத்திரிகை ஒன்று எழுதியிருந்ததை நான் பொன்னேரியிலிருந்து வாங்கிவந்த அன்று, அவர் கட்டுரையைப் படிக்கச் சொல்லவில்லை. படம் உள்ள பக்கத்தைப் பிரித்து, சாமி படங்களுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தார்.

படத்தில் தம்பி படகின் முனையில் நின்று பழவேற்காடு ஏரியில் வலை விட்டுக்கொண்டிருந்தான். 'வலையிலிருந்து பிறந்த இசை' என்று தலைப்பு. தம்பி செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்பவன். சினிமாவையும் கம்பெனிகளையும் நாடாமல் அவனும் மூன்று நண்பர்களும் தாங்களே பாட்டுக் கட்டி, தாங்களே பதிவு செய்து வெளியிட்டார்கள். பொன்னேரிக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு. எளாவூர் செக்போஸ்டில் லாரிகள் காத்துக் கிடப்பதைப் பற்றி ஒன்று. அந்த லாரிப் பாட்டில், மூன்று நண்பர்களில் ஒருத்தியான, பக்கத்து ஊர் தோணிரேவுப் பெண் டிரம்ஸ் வாசிப்பாள். வண்டி நகரப்போகிறது என்று தோன்றவைத்து, நகரவிடாமல் நிறுத்திவைக்கும் அவளுடைய தாளத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுத்ததில்லை.

பழவேற்காடு பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ரசிகர்கள் அந்தக் கட்டுரையை வரிவரியாகப் பிரித்துப் போட்டார்கள். ஐஸ் கம்பெனியில் லோடு ஏற்றுபவர் ஒருவர் பத்திரிகையின் கட்சி. தோணிரேவிலிருந்து கல்லூரிக்குப் போகும் இன்னொரு பெண் எதிர்க்கட்சி.

"வலை இல்லாம படம் போட்டா நம்மள எவன்மா பாப்பான்?" என்றார் அவர்.

"பாட்டுல வலையே இல்லியேண்ணா. பஸ்ஸு கீது, லாரி கீது, டவர் இல்லாத போனு கீது. அதெல்லாம் கேட்டுட்டு வலைன்னு எழுதினா, அந்தாளு இன்னாதான் கேட்டாரு?"

சொல்லிக்கொண்டே படத்தை உற்றுப் பார்த்தவள் பேச்சை நிறுத்தினாள். தம்பிக்குப் பின்னால் தெரிந்த மணல்திட்டை அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. படம் பிடித்த நாள் கட்டுரையின் முதல் வரியிலேயே இருந்தது.

ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், எந்த ஊர் வலை விடலாம் என்பதற்கு எங்களிடம் முறை உண்டு. அதை மீறி வலை விடுபவர் தம்முடைய அடுத்த முறையை இழக்கவேண்டும். அந்த நாளில் அந்த இடம் தோணிரேவுக்கு உரியது. வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்று புகைப்படக்காரர் சொல்லியிருக்கிறார். கடையே கதியாக இருந்த தம்பி, யாருடைய நாள் என்று யோசிக்காமல் நைனாவின் வலையை எடுத்துப் போயிருக்கிறான்.

மறுநாள் ஒத்திகைக்கு டிரம்ஸ் வாசிப்பவள் வரவில்லை. முறை தெரியாதவனோடு தன் மகள் வாசிக்கமாட்டாள் என்று அவளுடைய அப்பா சொல்லியனுப்பியிருந்தார். வேறு ஆளைப் பார்க்கலாம் என்றார்கள் மற்ற இரு நண்பர்களும். அவள் இல்லையென்றால் குழுவும் இல்லை என்று சொல்லிவிட்டுத் தம்பி கிடாரை உறையிலிட்டு மூடினான்.

அன்றே நைனா கிளம்பினார். சாமி படங்களுக்குப் பக்கத்திலிருந்து பத்திரிகையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தம்பியையும் என்னையும் தோணிரேவுக்கு அழைத்துப்போனார். அங்கே பெரியவர்கள் முன்னால் அதை விரித்துவைத்தார். படத்துக்காகத்தானே போட்டான், மீன் பிடிக்கவா போட்டான் என்று அவர்களில் ஒருவரே இரங்கிப் பேசினார். நைனா அந்தச் சலுகையை ஏற்கவில்லை.

"வலை தண்ணியில நனைஞ்சிச்சி. என் அடுத்த முறைய உட்டுட்றேன். பொண்ண மட்டும் வாசிக்க அனுப்புங்க."

படம் பொய் சொல்லாது என்று நம்பிய மனிதர், அது சொன்ன ஒரே உண்மைக்குத் தம் முறையைக் கொடுத்தார். நான் படித்த புத்தகங்களில் அதற்கு இணையான நேர்மையை அதிகம் கண்டதில்லை.

பெண்ணின் அப்பா படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருவா. இனிமே பேப்பர்காரன் வந்தா மொதல்ல என்கிட்ட இட்டுனு வா. எங்க நிக்கணும்னு நான் காட்றேன்" என்றார் தம்பியிடம். பிறகு, "ஆனா உனுக்கு வலை புடிக்கவே தெர்லபா. அதையாவது எழுதினானா?" என்று கேட்டார். நைனாதான் முதலில் சிரித்தார்.

அதன்பிறகு வேறு பத்திரிகைகளும் எழுதின. ஒன்று 'உப்புக்காற்றின் சீற்றம்' என்றது. மற்றொன்று குழுவை அடக்கமானது என்று புகழ்ந்தது. இரண்டையும் வைத்து டீக்கடையில் சண்டை நடந்தது. அந்தச் சண்டைகளில் பாட்டைக் கேட்ட காது இருந்த அளவுக்கு எந்தக் கட்டுரையிலும் இருந்ததில்லை.

முதல் பத்திரிகை இப்போது வருவதில்லை. நண்பர்களில் இருவர் வேலை தேடிச் சென்னைக்குப் போய்விட்டார்கள். தம்பி இருக்கிறான், டிரம்ஸில் அவள் இருக்கிறாள். கச்சேரிகளில் முன்வரிசையில் ஐஸ் கம்பெனி லோடுமேனும் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்ட அந்தப் பெண்ணும், இன்னும் ஒத்துப்போகாமல், அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.