அப்பா எழுதிய முடிவு

எங்கள் அப்பா அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி உறவினர்கள் கேட்டார்கள். அவர் நாடகத்தை வைத்து எடுத்த சினிமாப் படத்தைப் பற்றிக் கட்டாயம் இருக்க வேண்டுமாம். எழுதுகிறேன். படித்துவிட்டு முகம் சுளித்தால் நான் பொறுப்பில்லை.

அப்பா பிறந்தது பனவடலிசத்திரத்தில், விவசாயக் குடும்பத்தில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, வயல் வேலைக்கு நடுவே படித்து, சங்கரன்கோவிலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தரானார். பகலில் ஃபைல், சாயங்காலம் நாடக ஒத்திகை. 'கூத்தாடிப் பய' என்று சொந்தக்காரர்கள் பெண் கொடுக்க யோசித்தார்கள். இன்று அதே ஆட்கள்தான் 'கலைமாமணி ஆகியிருக்க வேண்டியவர்' என்கிறார்கள். கேட்கவே குமட்டுகிறது.

அவர் எழுதிய குடும்ப நாடகம், கணவனின் அடி தாங்காமல் தாய் வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணின் கதை. கடைசியில் கணவன் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்பான். அவள் மன்னிப்பாள்; ஆனால் கூடப் போகமாட்டாள். கணவனாக நடித்தது அப்பாதான்.

சென்னைக்காரர்கள் அதைப் படமாக்கினார்கள். பிரமாதமாக ஓடியது. இன்றும் டிவியில் போட்டால் எங்கள் தெருவே மூக்கைச் சிந்தும். ஆனால் படத்தில் அந்தப் பெண் கொட்டும் மழையில் ஓடிப் போய்க் கணவன் காலில் விழுகிறாள். தியேட்டரே கைதட்டியபோது அப்பா எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள். அதன் பிறகும் சிவகிரியிலும் வாசுதேவநல்லூரிலும் தம் முடிவோடுதான் நாடகத்தைப் போட்டார். படத்தில் இப்படி இல்லையே என்று கூட்டம் கத்தினால், கும்பிட்டுவிட்டுத் திரையை இழுக்கச் சொல்வார்.

எனக்கும் அந்த நாள் வந்தது. கணவர் அடித்து வீங்கிய கன்னத்தோடு அப்பா வீட்டுக்குப் பஸ் ஏறி வந்தேன். மறுநாளே சித்தப்பா பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார். படத்துல அவளே போகலையா, ஒனக்கென்னட்டி என்று என்னிடம் கேட்டார். அப்பா சாப்பிட்ட கையைக்கூடக் கழுவவில்லை.

"ஏலே, அது அவனுவ எடுத்த படம். நான் எழுதுனதுல அவ போகல. எம்மவளும் போவமாட்டா. நீ காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பு."

அதோடு அந்தப் பேச்சை யாரையும் எடுக்கவிடவில்லை. நான் நர்ஸ் வேலைக்குப் படித்ததும் இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடந்ததும் அவர் தயவு. கோபக்காரர்தான், குழம்பில் உப்புக் குறைந்தால் வீடு இரண்டுபடும். ஆனால் கடைசி நாட்களில் நான் ஊட்டிய கஞ்சியை ஒரு சொல் சொல்லாமல் குடித்தார்.

அவர் இறந்த அன்று, உடல் பந்தலில் கிடக்கிறது. தெருமுனையில் சித்தப்பா வைத்த பேனரில் அந்தப் படத்துக் கதாநாயகன் சிரிக்கிறான். சீ! அது போதாதென்று, யாரையும் கேட்காமல் போன் போட்டு, என்னை அடித்தவரை மருமகன் முறைக்கு அப்பா மேல் போர்த்தும் கோடித் துணியோடு வரவழைத்திருந்தார். சுற்றிலும் செல்போன்கள் வீடியோ எடுக்கத் தயாராக நிமிர்ந்தன. சித்தப்பா என் காதருகில் வந்தார்.

"ஏட்டி, எல்லாரும் பாக்காவ. படத்துல மாதிரி கால்ல விழுந்துரு. அப்பா ஆத்மா குளுந்துரும்."

பிணத்தின் தலைமாட்டில் நின்று இதைச் சொல்ல ஒரு மனிதனுக்கு நாக்கு எப்படிப் புரண்டதோ! நான் வாய் திறக்குமுன் அம்மா எழுந்துவிட்டாள்.

"அந்தத் துணிய வெளிய கொண்டு போங்க. அவுக மேல படக்கூடாது."

அவள் சத்தம்கூடப் போடவில்லை. வந்தவர் வந்த வழியே போனார். தம்பி கொண்டுவந்த வேட்டியை அம்மாவும் நானும் போர்த்தி அப்பாவை அனுப்பினோம்.

அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், அவரோடு நடித்து, தள்ளாத வயதிலும் ஆட்டோ பிடித்து வந்து அழுத நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்று. இந்த மலரின் முதல் பக்கத்தில் மருமகன் பெயர் விட்டுப்போயிற்றே என்று யாரும் அச்சகத்துக்குப் போன் செய்ய வேண்டாம். சித்தப்பா கொடுத்து அச்சுக்கோத்த பெயர்தான் அது. எடுக்கச் சொன்னது நான்.