கடலில் விழுந்தவனின் சட்டை

சினிமா பேசத் தொடங்கிய புதிதில் எடுத்த படம் அது. பேரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியாது. ஒரு கொள்ளைக்காரன், ஒரு பொலிஸ்காரன், ஒரு வைரப் பெட்டி. படம் முழுக்க மழை பெய்வதுபோல் கோடுகள். எல்லோரும் மேசைமேல் இருக்கும் பூச்சாடியைப் பார்த்தே பேசுவார்கள். மைக்கை அதற்குள்தான் ஒளித்திருப்பார்கள் என்று தங்கச்சியின் மாப்பிள்ளை சொல்வார். ஓடுகிற ஓட்டத்தில் கொள்ளைக்காரன் நின்று பாடுவான். பாட்டு முடியும்வரை பொலிஸ்காரனும் மரியாதையாக நிற்பான்.

வலை இழுத்துக் களைத்து வந்தால் அவருக்கு அந்தப் பைத்தியக்காரப் படம் வேண்டும். போனைத் தலையணையில் சாய்த்துவைத்து வயிறு குலுங்கச் சிரிப்பார். தங்கச்சியும் பக்கத்தில் இருப்பாள். ஏசி ஏசியே நானும் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அது பிடித்துத்தான் போயிருந்தது.

போன காற்றுக் காலத்தில் மாம்புரிக் கரையிலிருந்து கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. தேடப் போனவர்கள் கவிழ்ந்த வள்ளத்தை இழுத்து வந்தார்கள், ஆள் உயிரோடும் கிடைக்கவில்லை, மையத்தாகவும் கிடைக்கவில்லை. மௌத்து என்று முடிவாகி, பள்ளியில் தொழுகையும் நடந்தது. இத்தா இருக்கச் சொன்னார்கள். மாப்பிள்ளையை இழந்தவள் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருக்கிற காலம் அது. தங்கச்சி அசையவில்லை.

"மையத்தக் காட்டுங்க, இருக்கன்."

அதற்குப் பிறகு அவளுக்கு அந்தப் படம்தான் கதி. கொள்ளைக்காரன் துப்பாக்கிச் சூடுபட்டுக் கடலில் விழுவான். செத்தான் என்று ஊரே சொல்லும். கடைசியில் கரையேறி வருவான்.

"பாருங்க ராத்தா, இவனையும் செத்துட்டாண்டுதானே சொன்னாங்க."

அந்த இடத்தில்தான் அவர் அதிகம் சிரிப்பார். ஏன் சிரிப்பார் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவளிடம் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று பயந்தேன்.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கொள்ளைக்காரன் கரையேறும் இடத்தில் படத்தை நிறுத்தி, போனை என் பக்கம் திருப்பினாள்.

"சட்டை நனையவே இல்ல ராத்தா."

நான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்குத்தானே அவர் சிரிச்சவர்?"

"ஓம்."

போனை அணைத்துக் கதிரையில் வைத்தாள்.

"அலுமாரிக்கு அடியில வெச்சிருக்கிற வெள்ளச் சீலைய எடுத்துத் தாங்க."

அவளுக்குத் தெரியாமல் வாங்கி ஒளித்துவைத்திருப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு எடுக்கப் போனேன்.