ஏழு மணி ஆட்டோவும் காணாமல் போன உப்புமாவும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிஸ்கட் பேக்கிங் செய்யும் பெண்களில் கிறிஸ்டினாவைச் சாப்பாட்டில் ஜெயித்தவர் கிடையாது. அளவில் அல்ல, வேகத்தில். கேன்டீனில் மற்றவர்கள் ரசத்துக்கு வரும்போது அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நெஞ்செரிச்சல் மருந்தில் ஒரு மூடி விழுங்கிக்கொண்டிருப்பாள்.

"யக்கா, உனக்கு இன்னா டிரெயினா போவுது?"

"சின்ன வயசுலேருந்து அப்டியே பழகிப்போச்சுடி."

பழக்கம் ஆறு வயதில் தொடங்கியது. அவள் அப்பா தினமும் குடித்துவிட்டு மொபெட்டில் வருவார். வந்ததும் முதல் உதை சோற்றுப் பானைக்கு, அடுத்தது அம்மாவுக்கு. வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தத்துக்கும் வாசலில் நிற்கும் சத்தத்துக்கும் நடுவில் இரண்டு நிமிடம். அதற்குள் விழுங்கியதுதான் வயிற்றுக்கு. மிச்சத்தை ஒளித்து வைத்தால் மறுநாளைக்கு.

கட்டிக்கொண்ட தானியேல் இதற்கு நேர் எதிர். ஸ்டேஷனுக்கும் கம்பெனி வாசல்களுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற சாது. கொசுவைக்கூட அடிக்காமல் ஊதி விரட்டுவான். ஆனாலும் கிறிஸ்டினா ஒளித்து வைத்தாள். பாய்ச் சுருட்டுக்குள் பன் இருக்கும், துவைக்கிற துணிக்குள் அவித்த முட்டை இருக்கும். ஒருநாள் வண்டியில் போன் அடிக்க, தானியேல் காக்கிச் சட்டைப் பையில் கைவிட்டான். மடித்த தோசை வந்தது.

"எடுத்துப் பேசுண்ணே" என்றான் பின்சீட்டுக்காரன்.

சிரிப்பெல்லாம் மகள் பெர்சியின் எடை வரைக்கும்தான். இரண்டு வயதில் எட்டு கிலோ அறுநூறு. மூன்று மாதமாக அங்கன்வாடித் தராசின் முள் அங்கேயே நின்றது. போதாததற்கு மாதம் தவறாமல் சளி, பேதி. அங்கன்வாடி டீச்சர் சுமலதா அட்டையில் புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னும் ஒரு மாசம் பாப்பேன். ஏறலைன்னா திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரில ரெண்டு வாரம் சேக்கணும். நீயும் கூடவே இருக்கணும்."

கான்ட்ராக்ட் வேலையில் இரண்டு வாரம் லீவு என்று ஒன்று கிடையாது. திரும்பி வரும்போது அந்த இடத்தில் வேறொருத்தி நின்றிருப்பாள்.

"துன்ன மாட்டேங்குதுக்கா. நான் இன்னா பண்ணட்டும்?"

"இங்க முட்டையத் துன்னுட்டு என் விரலையும் சேத்துக் கடிக்குது. ஊட்ல இன்னாதான் நடக்குதுன்னு நானே வந்து பாக்குறேன்."

வியாழக்கிழமை ஆறே முக்காலுக்கு வந்தார். கிறிஸ்டினா அவருக்கு ஒரு தட்டு உப்புமா கொடுத்துவிட்டு, பெர்சிக்கு ரசம் சாதம் ஊட்ட உட்கார்ந்தாள். ஒரு வாய் இறங்குமுன் அடுத்த வாய் உதட்டில் முட்டியது.

"ஏய், கொழந்தைக்கு ஊட்டுறியா, லாரில மூட்டை ஏத்துறியா?"

அப்போது தெருமுனையில் ஆட்டோ திரும்பியது. அடுத்து என்ன நடந்தது என்று சுமலதாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. பெர்சி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், வாயைப் பூட்டிக்கொண்டாள், கதவுக்குப் பின்னால் ஓடினாள். அவள் தட்டைக் காணோம். சுமலதா ஸ்பூனைக் கீழே இறக்கினார். அது காற்றில் இறங்கியது. அவர் தட்டையும் காணோம்.

வாழைப்பழச் சீப்போடு தானியேல் உள்ளே வந்தான். கதவிடுக்கில் மகளின் பாவாடை நுனியைப் பார்த்ததும் முகம் வாடியது.

"பாத்தியா டீச்சர்? என்னக் கண்டாலே ஓடுது. எம் மூஞ்சி அவ்ளோ பேஜாராவா கீது?"

"உன் மூஞ்சிய அப்பால பாக்கலாம். மொதல்ல என் உப்புமா எங்க?"

மூன்று பேரும் தேடினார்கள். கட்டிலுக்கடியில் இல்லை, பாய்க்குள் இல்லை. கடைசியில் அரிசி டிரம்மைத் திறந்தால், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தட்டும் இருந்தன.

"சத்தியமா நான் வெக்கலக்கா" என்றாள் கிறிஸ்டினா. பிறகு தன் இடது கையைப் பார்த்தாள். விரலெல்லாம் உப்புமா.

முதலில் அவள்தான் சிரித்தாள். சிரித்து முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. மொபெட், பானை, இரண்டு நிமிடம் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"உங்க நைனா இப்ப எங்க?"

"செத்து ஆறு வருசம் ஆச்சுக்கா."

"ஆரு சொன்னது? தெனம் ஏழு மணிக்கு உன் ஊட்டுக்காரரு ஆட்டோல ஏறிக்கினு வந்துகினுதான் கீறாரு."

தானியேல் அனிச்சையாக வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

சுமலதா குரலைத் தாழ்த்தினார். "கொழந்தைக்கு ஆட்டோ தெரியாது, உன் மூஞ்சிதான் தெரியும். நீ பயந்தா அதுக்கு வயிறு மூடிக்குது. உனக்கு நெஞ்சு எரியறதும் இதே கதைதான். சுகாதார நிலையத்துல டாக்டரம்மாகிட்ட மருந்து மட்டும் கேக்காத, இதையும் சொல்லு."

மறுநாள் தானியேல் தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்தான். எதிர்வீட்டுப் பச்சையப்பன் கைகொடுக்க ஓடிவந்தார்.

"இன்னாபா, வண்டி பேஜாரா?"

"வண்டி நல்லாதான் கீதுண்ணே. பொண்ணு துன்னுது, அதான்."

பச்சையப்பன் கையை எடுத்துவிட்டு அவனை ஒருமாதிரி பார்த்தார். மூன்றாம் நாள் தானியேலுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்தபடி கிறிஸ்டினா சொன்னாள்: "எத்தினி நாளு தள்ளுவ? நாளைக்கு சத்தத்தோடவே வா. நான் பாத்துக்குறேன்."

அடுத்த நாள் அவள் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு ஊட்டினாள். ஆட்டோ திரும்பியது. தொடைக்கடியில் கை துடித்தது. பெர்சி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கிறிஸ்டினா சிரித்தாள், ஆதார் அட்டை போட்டோவுக்கு உட்கார்ந்தவள் மாதிரி. அது போதுமா என்று பெர்சி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

தானியேல் வாசலிலேயே நின்றான். "உள்ள வரலாமா?"

பெர்சி தட்டிலிருந்து ஒரு பிடி சோற்றை அள்ளி அவனை நோக்கி நீட்டினாள். பாதி வழியிலேயே சிந்தியது. மீதியை அவன் மண்டியிட்டு வாங்கிக்கொண்டான்.

எல்லா நாளும் அப்படி நடந்துவிடவில்லை. இரண்டு தடவை தட்டு டிரம்முக்குப் போய்த் திரும்பி வந்தது. மாதக் கடைசியில் சுமலதா தராசை மூன்று முறை சரிபார்த்தார். எட்டு கிலோ தொள்ளாயிரம். திருவள்ளூர் போக வேண்டியதில்லை.

மறுநாள் கேன்டீனில் எல்லோரும் மோருக்கு வந்துவிட்டார்கள். கிறிஸ்டினா இன்னும் குழம்பிலேயே இருந்தாள். பக்கத்தில் இருந்தவள் பதறிப்போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"யக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"