நீலம் ஏறாத மா

சாச்சியின் மாவைச் சோதித்த குழாய் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அரிசியின் தவிட்டில் இயற்கையாக உள்ள சேர்வைகளை இனங்கண்டு அளப்பதுதான் ஆய்வுகூடத்தில் என் வேலை. மாவை மதுசாரத்தில் ஊறவைத்து, வடித்த சாற்றில் சோதனைத் திராவகத்தைக் கலந்தால் நீலம் ஏறும். நீலம் எவ்வளவு கருக்கிறதோ, அவ்வளவு சேர்வை. மற்றச் சிவப்பரிசிக் குழாய்களெல்லாம் மை ஊற்றியதுபோல் நிற்க, சாச்சியுடையது மட்டும் வெளுத்துக் கிடந்தது. திரும்பவும் செய்து பார்த்தேன். கருவியும் அதையே சொன்னது.

சாச்சி என் உம்மாவின் தங்கை. கல்முனைக்குடியில் எங்கள் பின்வளவில்தான் வீடு. நீரிழிவு என்னும் சீனி வருத்தம் அவருக்கு. சிவப்பரிசி சீனியை அடக்கும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கிளினிக்கில் கொடுத்த மருந்துக் குளிசைகளை நிறுத்திவிட்டார். தன் வயலில் விளைந்த சிவப்பு நெல்லைச் சம்மாந்துறையில் மில் வைத்திருக்கும் சம்பந்திக்கு அனுப்புவார். அங்கேயே குற்றி, வறுத்து, மாவாக்கித் திருப்பி அனுப்புவார்கள். காலில் புண் வந்த பிறகும் மூன்று வேளையும் அந்தப் புட்டுத்தான். நாங்கள் மன்றாடியபோது, "இதுல எவ்வளவு மருந்து இரிக்கெண்டு உன்ட மெசினுல பார்த்துச் சொல்லு மகள். பொறகு குளிசையப் பத்திக் கதைப்பம்" என்றார்.

பார்த்துச் சொன்னேன். நீலம் கருத்திருந்தாலும் அது குளிசைக்கு ஈடாகாது என்றும் சொன்னேன்.

"அப்ப இந்தச் சிவப்பு?"

"அது வறுத்த சிவப்பு, சாச்சி."

"உன்ட மெசினுக்குக் கண் தெரியாது" என்று சிரித்தார். எனக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. நோன்புக்கு முன் ஆஸ்பத்திரியில் சாச்சியின் பாதத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

பார்க்க வந்த சம்பந்தி இம்முறை மாவாக்காமல் அரிசியாகவே கொண்டுவந்தார். அவிழ்த்தால் பளீரென்ற வெள்ளை. "சம்பந்தி ஊட்டுக்குச் சிவப்பரிசிய அப்பிடியே குடுத்தா மரியாதையா, ராத்தா? எப்பவும் ரெண்டு தரம் தீட்டி, தவிட்டையெல்லாம் போக்கித்தான் தாறன்" என்றார், பெருமையாக.

நான் வாயைத் திறந்தேன். சாச்சி என் கையை இறுக்கினார். "அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கால் முடிந்த இடத்தைச் சீலையால் மூடிக்கொண்டார். அவர் போனதும், "அவருக்கிட்டச் சொல்லிராத மகள். மனுசன் ஒடஞ்சி போவார்" என்றார்.

இப்போது சாச்சி குளிசையை ஒரு வேளையும் தவறவிடுவதில்லை. சம்மாந்துறையிலிருந்து மா இன்னும் வருகிறது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "மா நல்லா இரிக்காம் எண்டு சொல்லிட்டு வா" என்று சொல்லித்தான் அனுப்புகிறார்.